மகளுக்கு 'இசக்கி' என்று பெயர் வைக்க ஆசை. மாமியாரே வேண்டாம் என்கிறார்

பொதிகைச்சாரல்

எங்கள் இருவருக்குமே சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வேலை காரணமாகச் சென்னையில் இருக்கிறோம். மகளுக்கு ஐந்து மாதம் ஆகிறது. பிறப்புச் சான்றிதழில் பெயர் இருக்க வேண்டிய இடம் இன்னும் காலியாகக் கிடக்கிறது. 'பாப்பா', 'குட்டி' என்று ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறோம்.

கணவர் வீட்டுக் குலதெய்வம் இசக்கியம்மன். மாமியார் பெயரும் இசக்கியம்மாள்தான். கர்ப்பமாக இருந்தபோதே எனக்கு அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. அம்மாள், முத்து, பிரியா என்று ஒட்டு எதுவும் வேண்டாம், வெறும் இசக்கி. கணவருக்கும் சம்மதம். மாமியார் பூரித்துப்போவார் என்று நினைத்துச் சொன்னால், முதல் எதிர்ப்பே அவரிடமிருந்துதான். "சாமி பேரை வீட்டுல கூப்பிட்டுக்கிடுங்க. சர்டிபிகேட்டுல நல்ல பேரா போடுங்க" என்கிறார். நல்ல பேர் என்றால் ரித்விகா, தன்விகா, சான்விகா. யாரோ வாட்ஸாப்பில் அனுப்பிய பட்டியலைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

என் அக்கா ஒருபடி மேலே போய், "பேய்க்கதையில் வர்ற பேரைப் பிள்ளைக்கு வைப்பியா? ஸ்கூல்ல என்ன பாடு படும்னு யோசிச்சியா?" என்று கேட்டுவிட்டாள். அலுவலகத்தில் ஒரு தோழி, "அது ஆண் பெயரா, பெண் பெயரா?" என்றாள்.

இந்த மாதிரிப் பெயரோடு வளர்ந்தவர்கள் இங்கே இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள். எண் கணிதம் பார்க்கிற எண்ணம் இல்லை, அதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.


மணிமுத்தாறு

அம்பாசமுத்திரம் பக்கம் வந்து "ஏ இசக்கி" என்று தெருவில் குரல் கொடுத்துப் பாருங்கள், ஆணும் பெண்ணுமாக நாலு பேர் திரும்புவார்கள். என் வகுப்பில் இசக்கிமுத்து, இசக்கிராஜா, இசக்கியப்பன், இசக்கியம்மாள் என்று ஒரு வரிசையே இருந்தது. யாரும் யாரையும் கேலி செய்ததில்லை, எல்லாருக்கும் அதே பெயர் என்றால் எப்படிச் செய்வது?

சிக்கல் கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போனபோதுதான் வந்தது. என் பெயர் சுடலைமுத்து. அறிமுகம் சொன்னதும் பின்வரிசையிலிருந்து "அருவா எங்கே வச்சிருக்கே?" என்று ஒரு சத்தம். அப்புறம் மூன்று வருடமும் நான் 'அருவா'. என்னைவிட ஒல்லியாக அந்தக் கல்லூரியில் யாரும் கிடையாது என்பது வேறு விஷயம். எங்கள் பக்கத்துச் சாமி பெயர் என்றாலே அடியாள் என்று சினிமா பழக்கிவிட்டது.

ஆனாலும் வையுங்கள் என்றுதான் சொல்வேன். முப்பந்தலில் ரோட்டோரமாக இருக்கும் இசக்கியம்மன் கோயிலில் இறங்கிக் கும்பிடாமல் நாகர்கோவில் பஸ்காரர்கள்கூடப் போக யோசிப்பார்கள். அந்த அம்மன் பெயருக்கு என்ன குறைச்சல்?


எண்ஜோதி

அம்மா, நீங்கள் வேண்டாம் என்றாலும் சொல்வது என் கடமை. அந்தப் பெயரின் கூட்டுத்தொகை எட்டு வருகிறது. கடைசியில் இன்னொரு 'ஐ' சேர்த்தால்


மட்டுறுத்துநர்

எண்ஜோதி அவர்களின் பதிவு பாதியில் வெட்டப்பட்டது. கேள்வி கேட்டவர் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். எண் கணிதத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போகலாம்.


யாழ்நரம்பு

இசக்கியோ ரித்விகாவோ எதற்கு? நறுமுகை, கயல், நிலா, இனியா, தமிழினி, யாழினி என்று கொட்டிக் கிடக்கும்போது? சொல்ல வாய்க்கு இதம், பொருளும் புரியும், சாதியும் தெரியாது, ஊரும் தெரியாது. 'விகா', 'ன்யா' என்று முடியும் பெயர்களில் பாதிக்குப் பெற்றவர்களுக்கே அர்த்தம் தெரியாது. கேட்டால் "லட்சுமியோட இன்னொரு பேர்" என்று ஒரு பதில் தயாராக இருக்கும்.

பெயர் மாற்றம் நமக்குப் புதிதில்லை. 1916 வாக்கில் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியபோது சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். அதற்கும் முன்பே சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற்கலைஞர் ஆகியிருந்தார். பின்னால் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். அவர்களைப் பார்த்து ஊர் ஊராகச் செழியனும் மாறனும் பிறந்தார்கள். ரஷ்யா, மாஸ்கோ என்றெல்லாம் பெரியார் குழந்தைகளுக்குப் பெயர் வைத்ததும் அதே காலம்தான். மு.க. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1, சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தது மார்ச் 5. அந்த வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பெயர். பெயர் வைப்பது அரசியல்தான், வெறும் ஓசை இல்லை.


டெல்லிக்காரம்மா

யாழ்நரம்பு சொல்வது சரிதான். ஆனால் என் மகள் யாழினியை இங்கே பள்ளியில் முதல் நாளே 'யாஜினி' ஆக்கிவிட்டார்கள். நாம் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் போடுகிற எழுத்தை வடக்கே 'ஜ' மாதிரிதான் படிப்பார்கள். கனிமொழி 'கனிமோஜி' ஆவதைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். இசக்கியில் அந்தத் தொந்தரவு இல்லை, இந்தி தெரிந்தவர்கள் ஒழுங்காகவே சொல்வார்கள்.


நொய்யல்

நான் எதிர்க்கட்சி. பிள்ளையின் பெயரில் உங்கள் கொள்கையை எழுதாதீர்கள். உங்களுக்கு வேர், மண், குலதெய்வம் எல்லாம் இப்போது இனிக்கிறது. ஆறாம் வகுப்பில் அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு நடக்கப் போவது நீங்கள் இல்லை.

என் பெயர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டுச் சாமி பெயர், எங்கள் பக்கம் சாதாரணமாக இருக்கிற பெயர். சென்னையில் ஒரு பள்ளியில் சேர்ந்த பிறகு அந்தப் பெயரின் அர்த்தத்தை வைத்துப் பையன்கள் என்னென்ன கேட்டார்கள் என்று இங்கே எழுத முடியாது. ஆசிரியர்களில் சிலரும் சிரித்தார்கள். திருவண்ணாமலை அம்மன் பெயரான உண்ணாமுலையை வைத்திருக்கும் பெண்களைக் கேளுங்கள், வருகைப் பதிவேடு வாசிக்கிற நேரம் எப்படி இருக்கும் என்று. அம்மன் பெயர்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் பன்னிரண்டு வயதுப் பையன்களுக்குத் தலபுராணம் தெரியாது.

என் மகன் பெயர் ஆதவ். பள்ளியில் இன்னும் இரண்டு ஆதவ் இருக்கிறார்கள். இருக்கட்டுமே.


தேனி_டீச்சர்

நொய்யலின் வலி புரிகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த இழையில் எல்லாரும் ஊரார் பேச்சைப் பற்றிப் பேசுகிறோம். பெற்றவர்களே தீர்ப்பு எழுதிவைத்த பெயர்களும் உண்டு. எங்கள் பக்கம் போதும்பொண்ணு, போதுமணி என்று பெயர்கள் பதிவேட்டில் இன்னும் வருகின்றன. மூன்றாவதோ நாலாவதோ பெண்ணாகப் பிறந்தால், "சாமி, பெண் போதும்" என்று வைப்பது. திருத்தணிப் பக்கம் இதே காரணத்துக்கு 'வேண்டாம்' என்றே வைப்பார்கள். அந்தப் பெண்ணைத் தினம் காலையில் "வேண்டாம்" என்று கூப்பிட்டு "உள்ளேன் டீச்சர்" வாங்கியிருக்கிறேன் என்று அங்கே வேலை பார்த்த தோழி ஒருத்தி சொன்னாள்.

குப்பம்மாள், பிச்சை, தவிட்டுராஜா இவை வேறு கணக்கு. முதல் இரண்டு பிள்ளை தங்காமல் போன வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் போட்டு எடுப்பார்கள். அல்லது வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவார்கள். மூக்கும் குத்துவார்கள், அதனால்தான் ஆண்களில் மூக்கன், மூக்கையா. இது யாருக்கும் வேண்டாத பிள்ளை, எமனே, உனக்கும் வேண்டாம் என்று ஏமாற்றுகிற வித்தை. அந்த வீட்டில் அதைவிடச் செல்லமான பெயர் கிடையாது. அதே குப்பம்மாளை சினிமா வேலைக்காரியின் பெயராக ஆக்கிவைத்தது. பெயரைக் கேட்டதும் நமக்குச் சிரிப்பு வருகிறது, வைத்தவள் எத்தனை பிள்ளையைப் பறிகொடுத்தாள் என்று தெரியாது.

இசக்கி இந்த இரண்டிலும் சேராது. அது ஆசையாக வைத்த பெயர். என் ஓட்டு உங்களுக்கு.


கரிசல்

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தா பெயர் ஓட்டர் லிஸ்டில் முனியசாமி. ஊர்த்தெருவில் அவர் பெயர் 'முனியா'. 'சாமி' என்று ஒரு ஈற்றை எங்கள் தெருக்காரனுக்குச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. பதினைந்து வயதுப் பையன் எழுபது வயது ஆளை 'டேய் முனியா' என்பான், தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் நிற்பார். இது கதை இல்லை, எங்கள் அப்பா கண்ணால் பார்த்தது. மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயம் 31ஆம் சுலோகத்தில் இதற்கு விதியே இருக்கிறது: பிராமணனுக்கு மங்களமான பெயர், சத்திரியனுக்கு வலிமை தோன்றும் பெயர், வைசியனுக்குச் செல்வம் தோன்றும் பெயர், சூத்திரனுக்கு இழிவு தோன்றும் பெயர். அதற்கும் கீழே வைக்கப்பட்டவர்களுக்கு என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

அதனால் தாத்தா என் அப்பாவுக்கு ஜவகர் என்று பெயர் வைத்தார். யாராலும் குறுக்க முடியாத பெயர், 'ஜவகா' என்று சொல்லிப் பாருங்கள், நிற்காது. அப்பா எனக்கு அரவிந்த் என்று வைத்தார். என் மகள் பெயர் ஆராத்யா. இங்கே சிலர் சிரிக்கிற அந்த 'யா' பெயர்தான். உங்கள் மாமியார் வைத்திருக்கும் வாட்ஸாப் பட்டியலில் அதுவும் இருக்கும். அந்தப் பெயரை யார் கேட்டாலும் எங்கள் ஊர், தெரு எதுவும் பிடிபடாது. அதுதான் எனக்கு வேண்டியது. அர்த்தம் லட்சுமியா சரஸ்வதியா என்பதெல்லாம் அப்புறம்.

சகோதரி, நீங்கள் சென்னையில் ஐடி வேலை பார்ப்பவர். உங்கள் மகள் இசக்கி என்று சொன்னால், "வாவ், எவ்வளவு வித்தியாசமான பெயர்" என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். அதே குடியிருப்பில் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் மகள் பெயரும் இசக்கி என்றால் அதே நாலு பேர் என்ன சொல்வார்கள்? உங்கள் மாமியார் எந்த இசக்கியாக வாழ்ந்தார் என்று அவரிடம் கேட்டீர்களா?

வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டுவிட்டு வையுங்கள்.


மணிமுத்தாறு

கரிசல் அண்ணாச்சி, ஒரு சந்தேகம். தமிழ்நாட்டில் சாதிப் பெயரைப் பின்னால் போடுவதை 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு விட்டுவிட்டோமே? வடக்கே மாதிரி பெயரிலேயே தெரிகிற நிலைமை இங்கே இல்லையே?


கரிசல்

பின்னால் இருந்தது போயிற்று, முன்னால் இருப்பது போகவில்லை. இங்கே வேறு வழியில் கேட்பார்கள். "அப்பா பேரு?" "பூர்வீகம் எது?" "அங்கே எந்தத் தெரு?" "குலதெய்வம் எது?" நாலாவது கேள்வியில் முடிந்துவிடும். தாத்தா பெயர் மாடனா, மாடசாமியா என்பதிலேயே பலருக்குப் போதும்.

பெயரை வைத்து வேலைக்கே கூப்பிடாமல் விடுவார்களா என்று கேட்பவர்களுக்கு: சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் செய்த ஆய்வு 2007இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வந்தது. பத்திரிகையில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள். படிப்புத் தகுதி ஒன்றுதான், பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. எல்லாம் தனியார் நிறுவனங்கள்.


நாகூர்_காற்று

மூன்றில் ஒரு பங்கு என்பதைப் பார்த்து எனக்கு ஆச்சரியமே வரவில்லை. எங்கள் வீட்டில் சாகுல் ஹமீது இல்லாத தலைமுறை கிடையாது, நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டு வைப்பது. என் நண்பன் ஒருவன் பெயர் நாகூரான், அவன் முஸ்லிம் இல்லை. அவனுடைய பாட்டி தர்காவுக்கு நேர்ந்துகொண்டாளாம். சென்னையில் வாடகைக்கு வீடு தேடும்போது போனில் பெயரைச் சொன்னதும் "வீடு முடிஞ்சிருச்சு தம்பி" என்பார்களாம். எனக்கு வந்த அதே பதில். இருவரும் சேர்ந்து டீ குடித்துச் சிரித்திருக்கிறோம்.


ஈப்போக்காரன்

மலேசியாவிலிருந்து. எங்களுக்கு அப்பா பெயர் சான்றிதழிலேயே ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று நடுவில் போட்டு வந்துவிடும், இனிஷியல் தொல்லை இல்லை. 2006இல் இங்கே பதிவுத் துறை 'வைக்கத் தகாத பெயர்கள்' என்று ஒரு பட்டியல் கொண்டுவந்தது. மலாய், சீனப் பெயர்களோடு தமிழில் கருப்புசாமியும் அதில் இருந்ததாகச் செய்தி வந்தது. காரணம், 'கருப்பான சாமி' என்று அர்த்தமாம்! தோட்டத்துக்குத் தோட்டம் அந்தச் சாமியை நட்டு வைத்துக் கும்பிடுகிற கூட்டம் நாங்கள். யாரோ ஒரு அதிகாரி அகராதியைப் பார்த்து எங்கள் காவல் தெய்வத்தைக் கெட்ட வார்த்தைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்.


ஸ்கார்பரோ

டொராண்டோவில இருந்து எழுதுறன். எங்கட ஆக்களுக்குப் பெயர் எண்டால் நீளமாக இருக்க வேணும், கடைசியில 'ந்தன்', 'ஷன்' வர வேணும். பள்ளிக்கூடத்தில டீச்சர் பட்டியலைப் பாத்து மூச்செடுத்து நிக்கிற இடம் என்ர பெயர் எண்டு தெரியும், நானே கையைத் தூக்கிப்போடுவன்.

இங்க பிலிப் ஓரியோபொலஸ் எண்ட பொருளியலாளர் டொராண்டோ வேலைகளுக்கு ஆயிரக்கணக்கில மாதிரி விண்ணப்பங்கள் அனுப்பிப் பாத்தவர். கனடாவிலேயே படிச்சு, கனடாவிலேயே வேலை செய்த ஆக்கள் மாதிரித்தான் எல்லாம். ஆங்கிலப் பெயருக்கு நேர்முக அழைப்பு 16 சதவீதம், சீன, இந்திய, பாகிஸ்தான் பெயர்களுக்கு 11 சதவீதம்.

கவனிச்சுப் பாத்தால், அந்த வேலைகுடுக்கிற ஆளுக்கு இசக்கியும் ரித்விகாவும் ஒண்டுதான். ரெண்டுமே அவருக்கு வெளியாள். நீங்கள் ஊருக்குள்ள பாக்கிற ஏத்த இறக்கம் விமானம் ஏறினால் இல்லை. அங்க வேற ஏத்த இறக்கம்.


இசக்கி_36

என்னை அழைத்த மாதிரி இருந்தது, வந்துவிட்டேன். முழுப் பெயர் இசக்கியம்மாள், ஊர் நாங்குநேரிப் பக்கம், வேலை சென்னையில் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். கேலி செய்தார்களா என்றால், செய்தார்கள். விடுதியில் இரவு கரண்ட் போனால் "இசக்கி வந்துட்டா" என்று கத்துவார்கள். முன்னணியில் நின்று கத்தியவளின் பெயர் குப்புலட்சுமி. என்ன சொல்ல?

வலித்தது கேலி இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலதிகாரி ஒருவர், "பேஷண்ட் முன்னாடி இந்தப் பேர் வேண்டாம், ஈஷான்னு பேட்ஜ் போட்டுக்கோ" என்றார். பேஷண்ட் பயந்துவிடுவாராம். இரண்டு வருடம் ஈஷாவாக இருந்தேன். அப்புறம் ஒருநாள் சங்கரன்கோவில் பக்கத்துப் பாட்டி ஒருத்தி ரத்தம் எடுக்க வந்தார். பையில் இருந்த பழைய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, நீ நம்ம ஊருப் பிள்ளையா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு பேட்ஜை மாற்றச் சொல்லிவிட்டேன். மாற்றிக் கொடுத்தார்கள், ஒரு பேஷண்டும் பயப்படவில்லை.

பெயரை மாற்ற நினைத்தது உண்டா? இருபது வயதில் அரசிதழ் படிவம் வரைக்கும் வாங்கி வைத்திருந்தேன். இப்போது கேட்டால் மாட்டேன். ஆனால் என் மகளுக்கு என்ன பெயர் என்று கேட்காதீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன்: தியா.


நொய்யல்

இசக்கி_36, உங்கள் கடைசி வரிதான் இந்த இழையின் பதில் என்று நான் சொல்வேன், நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்.


இசக்கி_36

ஒத்துக்கொள்ள மாட்டேன். தியா என்று வைத்தது என் கணவர் வீட்டார். அந்த நேரத்தில் சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை, அவ்வளவுதான்.


பதிவேடு

நகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவில் இருக்கிறேன். எந்தப் பெயர் என்பதில் எனக்குக் கருத்து இல்லை, தினமும் எல்லாவற்றையும் பார்க்கிறோம். நடைமுறை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், அதைப் பெயர் இல்லாமலே செய்யலாம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969, பிரிவு 14 இதற்குத்தான். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதற்கு மேல் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் 200 ரூபாய். உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது, அவசரப்பட்டு ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு வராதீர்கள். ஒருமுறை ஏறிய பெயரைப் பிறகு அந்தப் பதிவில் மாற்ற முடியாது. அரசிதழில் பெயர் மாற்றினாலும் பிறப்புப் பதிவேட்டில் பழைய பெயர் அப்படியே இருக்கும்.

இன்னொன்று. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் இந்தச் சான்றிதழ்தான் அடிப்படை. பள்ளி, பாஸ்போர்ட், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும். முன்பு மாதிரி பள்ளியில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று ஓட்ட முடியாது. 'வீட்டில் இசக்கி, சான்றிதழில் ரித்விகா' என்ற உங்கள் மாமியார் யோசனையில், வெளியுலகத்துக்கு ரித்விகா மட்டும்தான் மிஞ்சுவாள்.

ஒற்றைப் பெயராக வைத்தால் அப்பா பெயரையோ அம்மா பெயரையோ எப்படிச் சேர்ப்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, விமான நிலையத்தில் திண்டாடியவர்களில் நம் ஆட்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள்.


யாழ்நரம்பு

அம்மா பெயரையும் இனிஷியலாகப் போடுங்கள், தமிழிலேயே போடுங்கள் என்று ஒரு வேண்டுகோள். இந்த விஷயத்தில் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது...


மட்டுறுத்துநர்

தனி இழை, யாழ்நரம்பு. தயவுசெய்து.


பொதிகைச்சாரல்

இரண்டு வாரமாக இங்கே எட்டிப் பார்க்க முடியவில்லை, பாப்பாவுக்குச் சளி. எல்லார் பதிலையும் படித்தேன். கரிசல் அண்ணன் கேட்டதை மாமியாரிடம் கேட்டேன். உடனே சொல்லவில்லை. பீடி சுற்றிய காலத்திலெல்லாம் பெயரால் ஒன்றும் இல்லை, கம்பெனியில் பாதிப் பேர் இசக்கிதான் என்றார். ஆனால் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறை சென்னை வந்தபோது, கீழே செக்யூரிட்டி நோட்டில் பெயர் எழுதியிருக்கிறார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "புது வேலைக்காரியா? எந்த வீடு?" என்று கேட்டிருக்கிறார். பட்டுப்புடவைதான் கட்டியிருந்தாராம். "புடவையைப் பார்க்கல, பேரைப் பார்த்தா" என்றார். இத்தனை வருடத்தில் எங்கள் இருவரிடமும் இதைச் சொன்னதே இல்லை. அந்த அம்மா இன்றும் லிஃப்டில் எங்களைப் பார்த்துச் சிரிப்பவர்.

அதைக் கேட்ட பிறகு எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் இறங்கியது, கணவருக்கு ஏறியது. "அதுக்காகவே வைக்கணும்" என்று அவர். "உங்க கோபத்துக்கு எம் பேத்தியா?" என்று மாமியார். நொய்யல் சொன்னதும் அதுதானே. சில நாள் வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம் என்று இருந்தோம்.

கடைசியில் இசக்கி_36 எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். ரத்தம் எடுக்க வந்த பாட்டி இடத்தில் நிறுத்தச் சொல்லி, அந்தப் பிள்ளை எந்த ஊர் என்று கேட்டார். நாங்குநேரி என்றதும் யார் மகளாக இருக்கும் என்று அவராகவே ஒரு ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். ராத்திரி சாப்பிட்டு முடித்துவிட்டு, "வைக்கிறதா இருந்தா வைங்க. ஆனா ஒண்ணு. பிள்ளையத் திட்டும்போது எம் பேரைச் சொல்லித் திட்டக்கூடாது" என்றார். முழுச் சம்மதம் என்று இதைச் சொல்ல முடியுமா தெரியவில்லை. வாட்ஸாப் பட்டியலை இன்னும் அழிக்கவில்லை.

கரிசல் அண்ணன், உங்களுடைய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வேலைக்கு வரும் அக்காவின் மகளுக்கும் என் மகளுக்கும் ஒரே பெயர் இருந்தால் அந்த நாலு பேர் இரண்டு விதமாகத்தான் பேசுவார்கள்.


கரிசல்

பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. மாமியாரிடம் கேட்டீர்கள், போதும். பிள்ளைக்கு வாழ்த்துகள்.


மணிமுத்தாறு

மாமியார் நிபந்தனை நியாயமானது. எங்கள் வீட்டில் என் அண்ணன் மகனுக்குத் தாத்தா பெயர். மதினி அவனை ஒருநாள்கூட அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை, 'பெரியவனே' தான். திட்டுவதற்குத் தனியாக ஒரு பெயர் வையுங்கள். ரித்விகா சும்மாதானே கிடக்கிறது?


பொதிகைச்சாரல்

:) பதிவேடு சார், ஒரே ஒரு சந்தேகம். ஆங்கிலத்தில் முதல் எழுத்து 'ஐ' போடுவதா, 'ஈ' போடுவதா? ஊரில் எல்லாரும் 'ஈ' போட்டுத்தான் எழுதுகிறார்கள், மாமியார் ஆதாரிலும் அப்படித்தான். கணவர் 'ஐ'தான் சரி என்கிறார்.


பதிவேடு

இரண்டும் செல்லும், நீங்கள் எழுதிக் கொடுப்பதுதான் ஏறும். எதைப் போட்டாலும் பிறகு ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் அதே எழுத்து வர வேண்டும், அது முக்கியம். பதிவு செய்யும்போது அவசரப்படாமல் திரையைக் காட்டச் சொல்லி ஆங்கிலத்தை மட்டும் இல்லாமல் தமிழையும் வாசித்துப் பாருங்கள். போன மாதம் ஒரு இசக்கிமுத்து 'இசைக்கிமுத்து' ஆகிப் போனார், அவர் அப்பா வீட்டுக்குப் போன பிறகுதான் பார்த்தார். அப்பா பெயர், அம்மா பெயர் எழுத்துகளையும் அங்கேயே சரிபார்த்துவிடுங்கள்.